பாதித் தீவு போதும்: குமரியிலிருந்து இலங்கைக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

இலங்கைக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எந்த மாதம் என்றுதான். எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம். அந்தத் தீவில் ஒரே வாரத்தில் ஒரு பக்கம் வெயில் கொளுத்தும், மறுபக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். அது தெரியாமல், தீவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வந்துவிடலாம் என்று டிக்கெட் எடுப்பவர்கள் பாதி நாளை விடுதி ஜன்னலோரம் கழிக்கிறார்கள். கூட்டமாகப் போனால் சீட்டு விளையாடியாவது பொழுதைத் தள்ளலாம். தனியாகப் போனால் அதுவும் இல்லை.

நான் குளச்சல்காரி. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. வீட்டில் வேறு யாருக்கும் ஊர் சுற்றும் ஆசை கிடையாது என்பதால் தனியாகப் போய்ப் பழகிவிட்டேன். "எதுக்கு பிள்ளே ஒத்தையில போற?" என்று அம்மா இன்னும் கேட்பாள். கேட்டுக்கொண்டே நேந்திரங்காய் உப்பேரி பொட்டலத்தையும் பையில் வைப்பாள். பள்ளி லீவில்தான் என் பயணமெல்லாம். கிறிஸ்துமஸ் லீவு, இல்லையென்றால் மே மாதம். அதனால் இரண்டு பருவத்திலும் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பருவத்திலும் பாதித் தீவைத்தான் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எந்தப் பாதி, எப்போது

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று இரண்டு பருவ மழையும் நமக்கு உண்டு. இலங்கையில் அந்த இரண்டு மழையும் தீவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவெல்லாம் நனையும். திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் காய்ந்து கிடக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவம். அப்போது வடக்கும் கிழக்கும் நனையும். டிசம்பர் பாதிக்குமேல் மேற்கும் தெற்கும் தெளிந்துவிடும்.

ஆகவே டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை போகிறவர்கள் நீர்கொழும்பு, கொழும்பு, காலி, கண்டி, ஹட்டன் என்று தென்மேற்குப் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை என்றால் அநுராதபுரம், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு. நவம்பர் மட்டும் வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் இலங்கையை உரசிக்கொண்டுதான் நம் கடலுக்கு வந்தது. அந்த வாரத்தில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் நம் கரையில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையகத்தையே சரித்துப் போட்டது. ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. மலை ரயிலில் போவதற்காகவே கிளம்புகிறவர்கள், எந்த ஊர் வரை வண்டி ஓடுகிறது என்று தங்கப்போகும் விடுதியில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

போய்ச் சேருவது

நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ போகிறவர்களுக்கு வசதி திருவனந்தபுரம்தான். அங்கிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் விமானம் உண்டு. வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம், களியக்காவிளை நெரிசலில் இருப்பது அதைவிடக் கூட. பஸ்ஸில் போனால் தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்து சாக்கை முனையத்துக்குப் போகவேண்டும். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். ஆட்டோக்காரரிடம் "இன்டர்நேஷனல்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணப் பாதிக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்கு நேரே பறக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் மோசமானால் ஓடாது. குளச்சலிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேருவதற்குள் கொழும்பு வழியாக யாழ்ப்பாணமே போய்விடலாம் என்பது என் கணக்கு.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும். இ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அதே பெயரில் ஏஜெண்டுகளின் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், கூடுதலாகப் பணம் பிடுங்கும். இந்தியர்களுக்கான கட்டண விதி அடிக்கடி மாறுவதால், போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பாமல் அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் இருப்பது கொழும்பில் இல்லை, கட்டுநாயக்காவில். கொழும்பிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருக்கும் ஊர் நீர்கொழும்பு. தனியாகப் போகிறவர்கள் முதல் ராத்திரியை அங்கே கழிப்பதுதான் நல்லது. புதிய ஊர், புதிய பணம், கையில் பை என்று இருக்கும்போது கொழும்பு நெரிசலில் போய் இறங்கவேண்டாம். கொழும்புக்கே போயாகவேண்டும் என்றால் 187-ம் எண் பஸ் அங்குள்ள புறக்கோட்டைக்குப் போகும்.

நீர்கொழும்பில் காலையில் மீன் சந்தைக்குப் போங்கள். கடற்கரையில் தென்னை நார்ப் பாய் விரித்து, உப்பில் ஊறிய சாளையை வரிசையாகக் காயப்போட்டிருப்பார்கள். பெண்கள் ஒரு முனையிலிருந்து திருப்பிக்கொண்டே போவார்கள், காகத்தை விரட்ட ஒரு பையன் நிற்பான். வெளிநாட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பார்கள். நான் விலை கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். அங்கே கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் சிலவற்றில் வயதானவர்களுக்கு இரண்டு பாஷையும் வரும். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது, எல்லாரும் கோவிலில் இருப்பார்கள்.

பணம், போன்

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். வங்கிக் கவுண்டரில் கொஞ்சம் பணம் மாற்றவேண்டும். டயலாக் அல்லது மொபிடெல் சிம் ஒன்று வாங்கவேண்டும். சிம் வாங்க பாஸ்போர்ட் போதும்.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். நாளுக்கு நாள் ஏறி இறங்கினாலும் மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். அங்கே சொல்லும் விலையில் கடைசி சைபரை வெட்டிவிட்டு மூன்றால் பெருக்குங்கள். ஆட்டோக்காரர் ஆயிரம் என்றால் நூறு, முந்நூறு. நம் ஊர்ப் பணத்தில் முந்நூறு ரூபாய். முதல் நாள் ஆயிரம் ஐயாயிரம் என்று காதில் விழும்போது நெஞ்சு திக்கென்கும். இந்தக் கணக்கு பழகிவிட்டால் நிதானமாகப் பேரம் பேசலாம். ஐயாயிரம் ரூபாய் நோட்டை வங்கியிலேயே உடைத்துக்கொள்ளுங்கள். பஸ் கண்டக்டரிடம் நீட்டினால் அவர் பார்க்கிற பார்வை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ அங்கேயும் வேலை செய்கிறது. கிளம்பும் முன் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்கவேண்டும். பெரிய கடைகளில் சரி. அதை நம்பி வெறுங்கையோடு ஹட்டனுக்குப் போகாதீர்கள்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், அங்கேயும் நம் நேரம்தான். பிளக் மட்டும் சதுரக் காலுள்ள மூன்று முனை பல இடங்களில் இருக்கும். ஒரு அடாப்டர் எடுத்துப் போங்கள்.

"தனியாவா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள், ஏனென்றால் தீவு முழுக்க இதைத்தான் கேட்பார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, "தனியாவா வந்திருக்கீங்க? வூட்டுக்காரரு வரலியா?" என்று கேட்டுவிட்டு, தன் தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர் என்றாள். யாழ்ப்பாணத்தில் விடுதி வீட்டம்மா, "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு இடியப்பத்தைத் தட்டில் வைத்தார். இவர்களுக்கு உண்மையைச் சொல்லலாம், சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கூடும். ஆட்டோக்காரரும் கடற்கரையில் நெருங்கி வந்து பேச்சுக் கொடுக்கும் இளைஞர்களும் கேட்டால், "அண்ணன் ஸ்டேஷன்ல நிக்கான்" என்பேன். எனக்கு அண்ணனே கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

விடுதி விஷயத்தில் நான் கறார். குடும்பமாக இருந்து நடத்தும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. வீட்டில் ஒரு பாட்டியோ மருமகளோ இருக்கவேண்டும். முன்பதிவுத் தளத்தில் தனியாகத் தங்கிய பெண்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். மதியம் நான்கு மணிக்குள் போய்ச் சேரும்படி பஸ்ஸோ ரயிலோ பிடியுங்கள். அறையைக் காட்டியதும் முதலில் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், பிறகு ஜன்னல், அப்புறம்தான் படுக்கை. பிடிக்கவில்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே வேறு வீடு பார்க்கலாம். நான்கு மணிக்குள் போகச் சொல்வது அதற்குத்தான்.

கொழும்பில் தங்குவதானால் வெள்ளவத்தை. தமிழ்க் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை, மேற்கே இறங்கினால் கடலை ஒட்டி ரயில் நிலையம். சாயங்காலம் பெண்கள் தனியாக நடமாடும் தெருக்கள். சிங்கள ஊர்களில் வழி தெரியாமல் நின்றால் பக்கத்தில் இருக்கும் முஸ்லிம் கடையில் கேளுங்கள். காலி, கண்டி, மாத்தறை எங்கே போனாலும் அவர்களில் பெரும்பாலானவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். பெயர்ப்பலகைகளிலும் ரயில் நிலையங்களிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றும் இருக்கும். தமிழ் எழுத்தில் சில இடங்களில் பிழை கண்ணைக் குத்தும். டீச்சராக இருந்தால் சிவப்புப் பேனா தேடுவீர்கள்.

ஆட்டோவை அங்கே த்ரீவீல் என்பார்கள். கொழும்பிலும் கண்டியிலும் பிக்மீ செயலியில் கூப்பிட்டால் கட்டணம் முன்பே தெரிந்துவிடும். "இன்றைக்குக் கோவிலில் விசேஷம், யானை வருகிறது, நானே கூட்டிப்போகிறேன்" என்று கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலில் யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். அந்த யானை கடைசியில் ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். மாத்தளை, மாவனல்லைப் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களும் இதே கதைதான். கறுவாவும் நல்லமிளகும் நம் குலசேகரத்துக்காரர்களுக்கு யாரும் சுற்றிக் காட்டவேண்டாம்.

பஸ்ஸில் முன்னால் இருக்கும் இருக்கை புத்த பிக்குகளுக்கு ஒதுக்கியது. காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். நெரிசலான பஸ்ஸில் நம் ஊரில் இருக்கும் தொல்லை அங்கேயும் உண்டு. பெண்கள் நிற்கும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். தேவைப்பட்டால் சத்தம் போடுங்கள், கண்டக்டர்கள் பொதுவாக உங்கள் பக்கம்தான் நிற்பார்கள். போலீசுக்கு 119. ஆம்புலன்சுக்கு 1990, அது இலவசம். இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

தென்மேற்குப் பாதி

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து காலிக்குப் போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடும். வலதுபக்க ஜன்னல் கிடைத்தால் அலைத் தூறல் முகத்தில் விழும். ரிசர்வேஷன் இல்லாத மூன்றாம் வகுப்பே போதும், கவுண்டரில் அன்றைக்கே டிக்கெட் கிடைக்கும். ஆபீஸ் விடும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

காலிக்கு முன்னால் ஹிக்கடுவையில் இறங்கி, கொஞ்சம் வடக்கே பெரலியவுக்கு ஆட்டோவில் போய்வாருங்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தத் தடத்தில் வந்த ரயிலைத் தண்டவாளத்தோடு சுனாமி அலை புரட்டிப் போட்ட இடம் அது. முதல் அலையைப் பார்த்துப் பயந்த ஊர்க்காரர்களும் பாதுகாப்பு என்று நினைத்து நின்றிருந்த பெட்டிகளில் ஏறினார்கள். அடுத்த அலை இன்னும் பெரிதாக வந்தது. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நினைவுச் சின்னமும் உயரமான புத்தர் சிலையும் ரோட்டோரமே இருக்கின்றன. சுற்றுலாப் பட்டியலில் இதைச் சேர்ப்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அதே காலையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அங்கே புகைப்படங்களை மாட்டி வைத்திருக்கும் சிறிய கூடம் ஒன்றில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், நானும் அந்தக் கடலின் இந்தக் கரைதான் என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே போனால் அவசரப்படாதீர்கள், காலிக்கு அடுத்த ரயில் இருக்கிறது.

காலிக் கோட்டையைச் சுற்றி மதில் மேலே நடப்பதற்குக் காசு கிடையாது. வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். போர்த்துக்கீசர் தொடங்கியதைப் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பெரிதாக்கிக் கட்டிய கோட்டை. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப்போன டச்சுப் படை இலங்கையிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பிடிபட்ட டி லனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் அடக்கமாகியிருக்கிறார். காலிக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போனால், மதில்மேல் நடக்கும்போது எதிராளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த சுகம் கிடைக்கும்.

கத்தோலிக்கர்கள் கொச்சிக்கடை அந்தோணியாரைப் பார்க்காமல் வரமாட்டீர்கள். கவனிக்கவேண்டியது, கொச்சிக்கடை என்று இரண்டு இடம் உண்டு. ஒன்று நீர்கொழும்புக்கு வடக்கே இருக்கும் ஊர். அந்தோணியார் இருப்பது கொழும்பில். ஆட்டோவில் கொட்டாஞ்சேனை என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோவில் என்பதால் பையைச் சோதிப்பார்கள்.

இனி மலை ரயில். கொழும்பிலிருந்து ரம்புக்கனை வரை நம் அருமனை, திற்பரப்புப் பக்கம் போவது மாதிரியே இருக்கும். ரப்பர், தென்னை, வாழை, சக்கை. அதற்கு மேல் வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்கும். ரிசர்வேஷன் முப்பது நாள் முன்னால் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்று ஏஜெண்டிடம் பல மடங்கு கொடுக்காதீர்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டிக்கு அன்றைக்கே டிக்கெட் தருவார்கள். ஆனால் வண்டி கிளம்பும் ஊரிலேயே ஏறவேண்டும். பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்ற இரண்டு ரயில்களும் கொழும்பிலிருந்தே வருபவை, கண்டியில் ஏறினால் நின்றுகொண்டுதான் போகவேண்டும். ஏசி முதல் வகுப்பு வேண்டாம், ஜன்னல் திறக்காது. வடை விற்பவர் கொடுக்கும் காகிதப் பொட்டலம் பெரும்பாலும் பழைய பரீட்சைத் தாளாக இருக்கும். ஒருமுறை எனக்கு வந்ததில் பின்னக் கணக்கு ஒன்று இருந்தது. பையன் தப்பாகப் போட்டிருந்தான்.

வாசலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை எல்லாரும் செய்கிறார்கள். அப்படி விழுந்து இறந்த வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. பாறைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இல்லாத இடங்கள் இருக்கின்றன. தனியாகப் போகிறவருக்குக் கையைப் பிடித்து இழுக்க ஆள் கிடையாது.

நானுஓயா தாண்டி பட்டிபொல நிலையம், சுமார் 1,890 மீட்டர் உயரம். அதற்குப் பிறகு ஒரு சுரங்கம் வரும். நான் சொன்ன இரண்டு பாதியின் எல்லை அந்த இருட்டுதான். கிறிஸ்துமஸ் லீவில் போனபோது சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் குளிரும் வெயிலும், வெளியே வந்தால் அடுத்த நிலையமான ஒஹியவில் ஒன்றுமே தெரியாத மூடுபனி. ஜூலையில் போனவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டியதும் காற்றும் மண் நிறமும் மாறுவது நமக்குப் பழக்கம், இங்கே அது ஒரு சுரங்கத்தின் நீளத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆகவே டிசம்பரில் போகிறவர்கள் கண்டி, ஹட்டன், நுவரெலியாவோடு நிறுத்திக்கொள்ளலாம். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எல்ல என்ற ஊரும் அதன் ஒன்பது வளைவு ரயில் பாலமும் ஜனவரி கடைசிக்குமேல் தெளிவாக இருக்கும். டிசம்பரில் அங்கே போய்ப் பாலத்தைப் பார்க்கலாம். பாலம் தெரியுமா என்பது வேறு விஷயம்.

கால் வலு இருந்தால் ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போய் சிவனொளிபாதமலை ஏறுங்கள். 2,243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை சீசன். அப்போது வழிநெடுக விளக்கும் டீக்கடையும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் ராத்திரியில் ஒத்தையாக ஏறலாம். சீசன் இல்லாத மாதத்தில் தனியாகப் போகவே கூடாது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் பேசும். உச்சியில் நடுங்கும் குளிர். ஸ்வெட்டரோடு ஒரு துவர்த்தும் எடுத்துப் போங்கள், வேர்வையைத் துடைக்காமல் நின்றால் காய்ச்சல் வரும்.

வடகிழக்குப் பாதி

மே மாதம் போகிறவர்கள் கொழும்பிலிருந்து வடக்கே போகும் ரயிலில் அநுராதபுரத்தில் ஒருமுறை இறங்கி ஏறலாம். வெயில் மண்டையைப் பிளக்கும். காலை பத்து மணிக்குள்ளும் நான்கு மணிக்குமேலும்தான் வெளியே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிரியா பார்ப்பதானால் கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். இந்தியா உட்பட சார்க் நாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு, பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போனால் முழுக் கட்டணம்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் போதும், ஊர் மேடு பள்ளமே இல்லாதது. நல்லூர் கந்தசாமி கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். சுசீந்திரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1981-இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுப்பப்பட்ட நூலகத்துக்குள் போக நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுவாக்கில் யுத்தத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. படகில் நெருக்கி ஏற்றுவார்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கடற்கரைக்காரி சொல்கிறேன், நீச்சல் தெரியும் என்பது படகின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது உதவாது.

திருகோணமலையில் கோணேஸ்வரம் கோவில், மட்டக்களப்பில் ஒரு காயல் சாயங்காலம். இரண்டு ஊருக்கும் நிதானமாகத் தலா இரண்டு ராத்திரி கொடுங்கள். அந்தப் பக்கம் சாயங்கால பஸ்ஸை நம்பவேண்டாம். யானை ரோட்டைக் கடக்கும் இடங்கள் உண்டு.

சாப்பாடும் மற்றதும்

சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு, மரச்சீனி. நமக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. காரம் மட்டும் நம்மைவிட ஒரு பிடி தூக்கல். மதியம் சோற்றுப் பார்சல் வாங்கினால் செலவு குறைவு, அளவு இரண்டு ஆளுக்கு. சைவக்காரர்கள் தேங்காய்ச் சம்பலைக் கேட்காமல் தொடாதீர்கள், மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருக்கும். தெற்கே போனால் மண் சட்டியில் எருமைத் தயிரும், கித்துள் என்கிற ஒரு பனை வகையிலிருந்து காய்ச்சும் பாணியும் சாப்பிடுங்கள். கருப்பட்டிப் பாகு ஊற்றிய தயிர் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். இல்லை, கித்துள் வேறு. அதில் ஒரு புகை வாசம் இருக்கிறது.

பௌர்ணமி தோறும் அங்கே அரசு விடுமுறை. மது விற்காது, இறைச்சிக் கடை மூடியிருக்கும், பஸ்கள் நிரம்பி வழியும். அந்த நாளைத் தங்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். செருப்போடு தொப்பியையும் கழற்றவேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தால் கோபப்படுவார்கள். சுடிதாரும் ஒரு ஷாலும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். டெங்கு இருக்கும் ஊர் என்பதால் கொசு மருந்தை மறக்காதீர்கள். மழைக்காட்டுப் பக்கம் போனால் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

வாங்கி வருவதென்றால் தேயிலை, கறுவாப்பட்டை, முந்திரிப்பருப்பு. சுற்றுலாக் கடைகளை விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். மாசிக் கருவாட்டை நான்கு உறை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் பெட்டியில் இருக்கும் சுடிதார் எல்லாம் ஒரு மாதம் மணக்கும். மிச்சமான இலங்கை ரூபாயைக் கட்டுநாயக்காவிலேயே மாற்றிவிடுங்கள். திருவனந்தபுரத்தில் அதை வாங்க ஆள் தேடி அலையவேண்டும், நாகர்கோவிலில் கேட்கவே வேண்டாம்.